இரவல் போனவள்

ஓவியக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் அவளை நாற்காலி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றக் காவலர்களுக்கு அறை மாறிக்கொண்டே இருக்கும். காலையில் சிலைகள் என்றால் மதியம் பழைய நாணயங்கள். அவளுக்கு மட்டும் சேர்ந்த நாளிலிருந்து ஒரே இடம். இரண்டு பெரிய கூடங்களுக்கு நடுவில் ஒரு குறுகலான நடை. அதில் ஒரே ஓர் ஓவியம். ஓவியத்துக்குப் பக்கத்தில், அதே சுவரை ஒட்டி, கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி. காற்று வராது. கடந்து போகிறவர்கள் முழங்காலில் இடித்துக்கொண்டு போவார்கள். அந்த இடத்தை யாரும் கேட்டதில்லை. அவளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அதற்கு முன்னால் அவள் ஒரு சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். படம் ஆரம்பித்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்துவிட வேண்டும். சத்தம் மட்டும் வரும். யாரோ அழுவார்கள், யாரோ சுடுவார்கள். செத்தது யார் என்பதை வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். தியேட்டரை மூடிய பிறகு ஓவியக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். வெகுநேரம் உட்கார்ந்து பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

நடையில் இருந்த ஓவியத்தில் ஒரு பெண் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில். மேஜைமேல் ஒரு வெள்ளைக் குவளை. வேறொன்றும் இல்லை. வரைந்தவர் யாரென்று தெரியவில்லை எனப் பலகையில் போட்டிருந்தார்கள். அடுத்த கூடத்துக்குப் போகும் அவசரத்தில் ஜனங்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். நின்று பார்க்க நினைத்த ஒன்றிரண்டு பேருக்கும் பின்னால் தள்ளிப்போக இடம் கிடையாது. முதுகு எதிர்ச்சுவரில் முட்டும். அங்கே நின்றால் ஒரு முழங்கையோ குவளையின் விளிம்போதான் கண்ணுக்குத் தெரியும். முழுதாக அவளைப் பார்க்க வேண்டுமென்றால் நடையின் ஓரத்தில் உட்கார வேண்டும். ஓரத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது.

காவலர்கள் ஓவியம் பார்க்கிறவர்கள் அல்ல. அவர்கள் பார்ப்பது கைகளை. சுட்டிக்காட்டுகிற விரல் எந்த நொடியில் தொடுகிற விரலாக மாறும் என்பதை. குடையின் நுனியை, திரும்பும்போது கூடவே திரும்பும் முதுகுப் பையை. ஆள் இல்லாத நேரங்களில் மட்டும் நாற்காலி அக்கா தலையை லேசாகத் திருப்புவாள். அந்தப் பெண் இருப்பாள். ஒடுங்கிய, நீண்ட முகம். வேலை முடிய இன்னும் நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகம். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சென்று எதுவும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரியோடு யார் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இருக்கிறாள் என்பது தெரியும். கால் வீங்கி, ஷூவின் நாடாவைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இன்னொருத்திக்கும் கால் வீங்கியிருக்கும் என்பது ஒரு தெம்பு.

“என்னப் பாத்தத விட அவளத்தான் அதிகமா பாத்திருக்கா,” என்று கணவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அவர் பஸ் டிப்போவில் வண்டி வந்துபோகும் நேரத்தை எழுதுகிறவர். அவள் மறுத்ததில்லை.

வேறொரு நகரத்தின் ஓவியக்கூடத்தார் அந்தப் படத்தை இரவல் கேட்டார்கள். ஏன் அதைக் கேட்டார்கள் என்று மேலதிகாரிக்கே புரியவில்லை. வெள்ளைக் கையுறை போட்டவர்கள் வந்து இறக்கினார்கள். நாற்காலி அக்காவைக் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். படத்தைப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூடியதும், தலை மேல்பக்கம் இருக்கும்படி தூக்கச் சொன்னாள். எல்லாப் படத்தையும் அப்படித்தான் தூக்குவோம் என்றார் ஒருவர்.

சுவரில் ஒரு வெளுத்த செவ்வகமும் இரண்டு ஆணிகளும் மிஞ்சின. நாற்காலியை எடுக்கவில்லை. நடையைக் காலியாக விட்டால் டீயும் கையுமாக ஜனங்கள் கூடத்துக்குள் போய்விடுவார்கள் என்று அவளை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். சக காவலர்களுக்குக் கேலிக்கு அது போதுமாயிருந்தது. ஆணி பத்திரமா அக்கா என்று காலையில் கேட்பார்கள். சாயங்காலம், ஆணிக்கு இன்னிக்கு நல்ல கூட்டமா என்பார்கள். அவள் சிரித்துவைப்பாள். தலை மட்டும் பழக்கத்தில் திரும்பும். வெளுத்த சுவரைப் பார்த்துவிட்டு நேராகும்.

அந்த நகரத்துக்குப் போய்வந்த ஒரு தம்பதி ஒரு நாள் நடையில் நின்றார்கள். இங்கே இருந்ததுதானே அது என்று கணவன் கேட்டான். மனைவி நடையை மேலும் கீழும் பார்த்தாள். “இந்தச் சந்துலயா கெடந்துச்சு. பாவம்,” என்றாள். அங்கே அதற்குத் தனியாக ஒரு கூடமாம். பச்சைச் சுவராம். முன்னால் உட்கார்ந்து பார்க்க இருக்கையாம். வரிசையில் நின்றுதான் உள்ளே போக முடிந்ததாம்.

கெடந்துச்சு என்ற சொல்லை நாற்காலி அக்காவால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பாவம் என்றதைத்தான் முடியவில்லை. பச்சைச் சுவரைப் பற்றி நினைத்தாள். அதைவிட, பச்சைச் சுவருள்ள கூடத்தில் ஒரு நாற்காலி இருக்கும், அதில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பதைப் பற்றி நினைத்தாள். ஆள் இல்லாத நேரத்தில் அவளும் தலையைத் திருப்புவாள் அல்லவா. அந்த முகம் அவளுக்கும் அப்படியேதான் இருக்குமா. வயிறு எரிந்தது. கட்டியவன் இன்னொருத்தி வீட்டில் காப்பி குடித்தான் என்று கேள்விப்பட்டால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. கணவரிடமே அதைச் சொன்னாள். காப்பி குடிக்க வேறெங்கே போவேன் என்றார் அவர்.

பிறகு மேலதிகாரி ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார். படத்தை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளக் கேட்கிறார்களாம். கொடுத்தால் என்ன, அங்கே நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

அங்கே அது நன்றாக இல்லை என்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான்.

வழி நாத்தனார் மூலம் வந்தது. கணவரின் தங்கை கூரியர் அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவள். ஊர் உலகத்துக்கெல்லாம் பார்சல் அனுப்பினேன், நான் மட்டும் எங்கேயும் போகவில்லை என்று சொல்லி, ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போக ஆரம்பித்திருந்தாள். ஐம்பது தாண்டிய பெண்களை மட்டும் அழைத்துக்கொண்டு போகும் ஒரு குழுவைப் பிடித்து வைத்திருந்தாள். நடத்துகிறவள் ஓய்வுபெற்ற பூகோள டீச்சர். ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். காலையில் அவரவர் எழுந்து, அவரவர் குளித்து, அவரவர் குடித்து முடித்த பிறகுதான் புறப்பாடு. நடந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் டீ குடிக்க வேண்டும். யாருக்காவது மூச்சு வாங்கினால் அது டீச்சரின் தப்பு. இந்த முறை அவர்கள் போவது அந்த நகரம்தான். பழைய வீதிகள், ஒரு இசைக் கச்சேரி, நூலகம், ஓவியக்கூடம்.

அண்ணி தானாக வருகிறேன் என்றதும் நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு உட்காரவே நேரம் இல்லை என்று பதில் சொன்ன அண்ணி இவள்.

ரயிலிலேயே குழுவில் எல்லோருக்கும் நாத்தனாரைப் பிடித்துவிட்டது. அது எப்போதும் நடப்பதுதான். ஒரு பல் டாக்டர் இருந்தாள், உயரமானவள், எல்லோருடைய வாயையும் பார்த்துப் பேசுகிறவள். அவள் தன் ஜன்னலோர இடத்தை நாத்தனாருக்குக் கொடுத்தாள். வங்கியில் ஒன்றாக வேலை பார்த்த இரண்டு சிநேகிதிகள் தங்கள் சீட்டாட்டத்தில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். நாற்காலி அக்கா பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே பெட்டிகளைப் பார்த்துக்கொண்டாள்.

நகரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று வந்தவளுக்கு எதுவும் சுலபமாகப் பிடிக்காது. நடைபாதை அகலமாக இருந்தது. அதிலும் ஒரு குறை கண்டாள், ஆட்கள் ஒருவரையொருவர் உரசாமல் போகிறார்கள், இதென்ன ஊர் என்று. டீச்சர் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று, இந்தக் கட்டடத்தின் மேல்மாடியைப் பாருங்கள், அந்த வளைவைப் பாருங்கள் என்றாள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நாற்காலி அக்கா அவர்களுடைய கைப்பைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு இருக்கையிலும் அமர்ந்தார்கள். டீ குடித்தார்கள். நாத்தனார் பேசினாள், மற்றவர்கள் சிரித்தார்கள். கச்சேரியில் பல் டாக்டர் தூங்கிவிட்டாள். நூலகத்தில் வங்கிச் சிநேகிதிகள் சண்டை போட்டுச் சமாதானமானார்கள். இவ்வளவு மெதுவாக ஒரு ஊரைப் பார்க்க முடியும் என்று நாற்காலி அக்கா நினைத்ததில்லை. ஓவியக்கூடத்தை டீச்சர் கடைசி நாளுக்கு வைத்திருந்தாள். அதுதான் இந்த ஊரின் இனிப்பு, கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்றாள்.

அந்த நாளும் வந்தது. நாற்காலி அக்கா ஓர் ஓவியக்கூடத்துக்குள் முன்வாசல் வழியாகப் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவளுடைய கூடத்தில் காவலர்களுக்குப் பின்பக்கம் ஒரு இரும்புக் கதவு. இங்கே படியேறினாள், குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள், டிக்கெட்டைக் காட்டினாள். கிழித்தவன் சரியாகக் கிழிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் கூடத்தில் டீச்சர் ஒரு கடல் ஓவியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். அண்ணி குழுவோடு இல்லை. கதவோரமாக, சுவரில் முதுகு படாமல், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு கூடத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். தொப்பியோடு ஒரு ஆள் அவளிடம் வந்து கழிவறை எங்கே என்று கேட்டார். படியிறங்கி இடதுபக்கம் என்று அவள் கை காட்டினாள். அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

“உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?” என்று நாத்தனார் கேட்டாள்.

“தெரியாது. கேட்டாரு, சொன்னேன்,” என்றாள்.

பச்சைச் சுவர்க் கூடத்துக்கு வெளியே உண்மையிலேயே வரிசை இருந்தது. வரிசையோடு நாற்காலி அக்காவும் நகர்ந்தாள். உள்ளே போனதும் அவள் முதலில் தேடியது படத்தை அல்ல, நாற்காலியை. அது வாசலுக்குப் பக்கத்தில், படத்துக்கு நேர் எதிரே இருந்தது. மெத்தை தைத்த நாற்காலி. கைப்பிடியும் உண்டு. அதில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஏறத்தாழ அவள் வயதுதான். உதட்டில் சாயம் பூசியிருந்தாள். வேலை நேரத்தில். நாற்காலி அக்கா அந்தச் சாயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு படம். இவ்வளவு தூரத்தில் இருந்து, நேராக, முழுதாக அதைப் பார்க்கிறாள் என்பது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. குவளை இருந்தது. மடியில் கைகள் இருந்தன. ஆனால் அவள் இல்லை. அகன்ற கன்னங்களோடு, சதைப்பிடிப்பான ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். யாரோ சொன்ன எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதோ வெடித்துவிடுவேன் என்பதுபோல. கால் வீக்கமெல்லாம் அவளுக்கு இருக்க வழியில்லை. வேலை செய்கிறவளாகவே தெரியவில்லை.

“பாத்தீங்களா, கன்னத்துல சிரிப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா,” என்றாள் வங்கிச் சிநேகிதிகளில் ஒருத்தி.

பல் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “சிரிப்பு இல்ல. பின்பல்லு சொத்தை. வாயத் தொறந்தா தெரிஞ்சிடும்னு மூடிக்கிட்டிருக்கா. எங்கிட்ட வர்றதுல பாதிப் பேரு இப்படித்தான் உக்காருவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார்தான் அதிகம் சிரித்தாள். நாற்காலி அக்கா அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கிட்டப் போனால் தெரிந்துவிடும். கிட்டத்தில் அவளுக்கு ஒவ்வொரு அங்குலமும் தெரியும். முழங்கை அதே முழங்கைதான். குவளையின் விளிம்பில் வண்ணம் விட்டுப்போன இடம் அங்கேயே இருந்தது. இன்னும் கிட்டப் போனாள். முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அந்த வாக்கியத்தை நாற்காலி அக்கா எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள். அதே குரல், அதே இழுப்பு. கோபமாகவும் இருக்கக் கூடாது, கெஞ்சலாகவும் இருக்கக் கூடாது. கற்றுக்கொள்ள மாதக்கணக்காகும். யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை. அதுவும் இந்தப் படத்துக்கு முன்னால். அவள் தள்ளி நிற்கவில்லை.

“இது அது இல்ல,” என்றாள்.

உதட்டுச் சாயக்காரி நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். எது எது இல்லை என்று கேட்டாள். எங்கள் ஊரில் இருந்து வந்தது இது இல்லை, மாற்றியிருக்கிறீர்கள் என்றாள் நாற்காலி அக்கா. சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். டீச்சர் ஓடி வந்தாள், அவளுடைய குழுவில் யாரும் ஓடக் கூடாது என்பதை மறந்து. டீச்சர் பலகையைப் படித்துக் காட்டினாள், நாற்காலி அக்காவின் கூடத்தின் பெயர் அதில் இருந்தது. பலகைய யார் வேணும்னாலும் எழுதலாம் என்றாள் அவள். குவளை அதுதான், கை அதுதான், முகத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆள் இப்படிக் கொழுகொழுவென்று இருக்க மாட்டாள். சிரிக்க மாட்டாள். அவள் அலுத்துப்போன பொம்பளை.

“வந்து இத்தன மாசமாச்சு. வந்த அன்னிலேர்ந்து இப்படியேதான் இருக்கா,” என்றாள் சாயக்காரி. குரலில் ஒரு சொந்தம் இருந்தது. எங்க வீட்டுப் பெண்ணைப் பற்றி நீ யார் சொல்ல என்கிற தொனி. “இவ சிரிக்கலன்னு யாரும் சொன்னதில்ல. எனக்கே காலைல வந்து இவ மூஞ்சியப் பாத்தாத்தான் நாளு நல்லாப் போகும்.”

நாற்காலி அக்காவுக்கு இது போதுமாயிருந்தது. வேண்டியதும் இதுதான் அல்லவா. இது அவள் இல்லையென்றால், பச்சைச் சுவரும் மெத்தை நாற்காலியும் வரிசையும் வேறு யாருக்கோ. அவள் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறாள். யாருக்கும் நாள் நல்லாப் போக அவள் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு நிம்மதிகூட வரப் பார்த்தது. கூடவே, அவள் எங்கே என்கிற பதைப்பும்.

இந்தச் சமயத்தில் நாத்தனாருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. வரிசையில் நின்றதாலா, சண்டையைப் பார்த்ததாலா என்று சொல்ல முடியாது. முன்னால் இருந்த இருக்கையில் இடமில்லை. சாயக்காரிதான் கவனித்தாள். கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு மடக்கு ஸ்டூலைக் கொண்டுவந்து, கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து, படம் மாட்டியிருந்த சுவரை ஒட்டி ஓரமாக விரித்துப் போட்டாள். நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்தாள். முழங்காலை நீவிக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

“அண்ணி,” என்றாள். “இங்க வந்து பாருங்களேன். இங்கேருந்து பாத்தா இளைச்சுப் போயித் தெரியறா. பாவம், என்ன கஷ்டமோ.”

நாற்காலி அக்கா போனாள். நாத்தனாரின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். அகன்ற கன்னங்கள் ஒடுங்கியிருந்தன. வாயோரத்தில் இருந்த சிரிப்பு மடிந்து ஒரு கோடாகிவிட்டிருந்தது. நீண்ட முகம். இன்னும் நேரம் இருக்கிறதே என்கிற அதே முகம்.

இத்தனை வருடமும் ஓரத்தில் உட்கார்ந்து ஓர் ஓரத்தைத்தான் பார்த்திருக்கிறாள். ஊர் முழுக்க நேரே நின்று பார்க்கிறவளை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊரும் இவளைப் பார்த்ததில்லை. அது வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். நிதானமாக ஊருக்குப் போய் வெட்கப்படலாம். இப்போது அவள் கண்ணில் பட்டது ஸ்டூல்தான். அதில் நாத்தனார் உட்கார்ந்து படத்துப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று வேறு சொல்லியிருந்தாள்.

“எழுந்திரு,” என்றாள்.

“முட்டி வலிக்குது அண்ணி.”

“எழுந்திருன்னு சொல்றேன்ல.”

நாத்தனார் எழுந்தாள். அண்ணியிடம் இப்படி ஒரு குரலை அவள் கேட்டதில்லை. நாற்காலி அக்கா ஸ்டூலை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். சாயக்காரி அருகில் வந்திருந்தாள். அங்கிருந்து என்ன தெரிகிறது என்று தானும் குனிந்தாள். அவள் குனிந்த பக்கத்துக்கு நாற்காலி அக்கா நகர்ந்தாள். சாயக்காரி மறுபக்கம் எட்டிப் பார்த்தாள், இவளும் அந்தப் பக்கம் போனாள். படத்தை மறைத்து நிற்காதீர்கள் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவள், இரண்டு தோள்களையும் அகட்டிக்கொண்டு படத்தை மறைத்து நின்றாள்.

சாயக்காரி நிமிர்ந்தாள். நாற்காலி அக்காவின் கனத்த ஷூவைப் பார்த்தாள். தளர்த்திக் கட்டியிருந்த நாடாவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

“நீங்க அங்க இவகூட இருந்தவங்களா?”

நாற்காலி அக்கா ஸ்டூலைக் கை மாற்றிக்கொண்டாள்.

“வந்ததுலேர்ந்து பாக்குறேன். எல்லாரும் படத்தப் பாத்தா நீங்க எல்லாரோட கையயும் பாத்துக்கிட்டிருந்தீங்க. அப்பவே நெனச்சேன்.” படத்தைக் கண்ணால் காட்டினாள். “எங்கூட இருந்த படத்த இவளுக்காகத்தான் கீழ கிடங்குல போட்டாங்க. ஒரு ஆத்தங்கரை. எனக்கு ரொம்ப நாள் இவமேல கோவம்.”

நாற்காலி அக்கா அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். உதட்டுச் சாயம் ஓரத்தில் லேசாகக் கலைந்திருந்தது. ஆற்றங்கரைப் படத்தை இழந்தவளுக்கு இந்தப் படத்துப் பெண் கிடைத்தாள். இந்தப் பெண்ணை இழந்தவளுக்கு ஆணிதான் கிடைத்தது. அனுதாபம் வருகிற இடத்தில் அந்தக் கணக்குத்தான் வந்தது.

“அங்க நீங்க எங்க உக்காருவீங்க?” என்று கேட்டாள் சாயக்காரி.

சாதாரணக் கேள்விதான். ஒரு காவல்காரி இன்னொரு காவல்காரியிடம் கேட்கிறது. உண்மையைச் சொன்னால் நாளைக் காலை அந்த மெத்தை நாற்காலி சுவரோரம் வந்துவிடும். இன்னும் ஒரு வருடம், கூட்டம் இல்லாத நேரமெல்லாம், இவள் தலையைத் திருப்பிக்கொண்டிருப்பாள்.

“எதிர்ல,” என்றாள் நாற்காலி அக்கா. “நேர் எதிர்ல.”

நாத்தனார் ஒரு தடவை அந்த நடைக்கு வந்திருக்கிறாள். எதிரில் நாற்காலி போட்டால் நடையில் எறும்புகூடப் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். கூரியரில் எத்தனையோ பார்சலை உள்ளே என்ன என்று கேட்காமல் வாங்கி வைத்தவள். வாயை மூடிக்கொண்டாள்.

“எதிர்லன்னா உங்களுக்கும் இப்படிச் சிரிச்ச மூஞ்சியாத்தானே இருந்திருக்கும்,” என்றாள் சாயக்காரி. விட மாட்டாள் போலிருந்தது.

“ஆமா,” என்றாள் நாற்காலி அக்கா. சொல்ல நாக்கு வரவில்லை, சொன்னாள். “சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பா. எனக்குத்தான் கண்ணு சரியில்ல. வயசாயிடுச்சு.” பிறகு ஸ்டூலை நீட்டினாள். “இந்த ஓரத்துல யாரையும் உக்கார வைக்காதீங்க. சுவரு ஜில்லுன்னு இருக்கு. முதுகு பிடிச்சுக்கும்.”

சாயக்காரி ஸ்டூலை வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. வாசலில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒரு குழந்தையின் கை குவளையை நோக்கி நீள்வதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். நாற்காலி அக்காவுக்கும் வாய் அசைந்தது. சாயக்காரிதான் முந்திக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு என்றாள்.

வெளியே படிக்கட்டில் குழு உட்கார்ந்தது. டீச்சர் எல்லோருக்கும் பிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றினாள். பயணத்தில் முதல்முறையாக அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது, பல் டாக்டர் அதைச் சொல்லிக் காட்டினாள். ஓவியத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நல்ல மாதிரியான பெண்கள். நாத்தனார் அண்ணிக்குப் பக்கத்தில், ஒரு படி கீழே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணி,” என்றாள். “அண்ணன்கிட்டகூட.”

நாற்காலி அக்கா டீயைக் குடித்தாள். அதில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. நாத்தனார் சொல்ல மாட்டாள், அது நிச்சயம். அதனால் என்ன. பார்த்தது பார்த்ததுதான். இனிமேல் வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும், எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதும், அவளும் பார்த்தவள்.

“எவ்வளவு நேரம் பாத்த?” என்று கேட்டாள்.

“எத அண்ணி?”

“அவள. ஓரத்துல இருந்து.”

நாத்தனார் யோசித்தாள். “நீங்க எழுப்பறதுக்குள்ள ஒரு நிமிஷம் இருக்குமா. அவ்வளவுதான்.”

ஒரு நிமிஷம் என்பது ரொம்ப அதிகம் என்று நாற்காலி அக்காவுக்குத் தோன்றியது.